சதுரங்கப்பட்டினம் கடலில் 1782-ல் நடந்த போர்: கப்பலுக்குள் இருந்த சாதாரண மாலுமிக்கு என்ன நடந்தது?

வீக்எண்ட்ல மாமல்லபுரம் போறவங்க சிலர், அப்படியே ஈசிஆர்ல இன்னும் கொஞ்சம் தெற்கே போய் சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டையையும் பார்த்துட்டு வருவாங்க. கல்பாக்கத்துக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்தபடி நிற்கிற பழைய செங்கல் கோட்டை அது. அங்கிருந்து தெரிகிற அதே கடலில்தான் 1782 பிப்ரவரி 17 அன்று பிரிட்டிஷ், பிரெஞ்சு கடற்படைகள் மோதின. உலகக் கடற்படை வரலாற்றுப் புத்தகங்களில் இதற்கு 'சத்ராஸ் போர்' என்று பெயர். சதுரங்கப்பட்டினத்தை ஐரோப்பியர்கள் சத்ராஸ் என்றுதான் கூப்பிட்டார்கள்.

இந்தப் போரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இரண்டு பெயர்களோடு நிறுத்திக்கொள்வார்கள். பிரிட்டிஷ் அட்மிரல் எட்வர்ட் ஹியூஸ், பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன். ஆனால் அந்தக் கப்பல்களில் ஆயிரக்கணக்கான சாதாரண ஆட்கள் இருந்தார்கள். கயிறு இழுத்தவர்கள், பீரங்கி தள்ளியவர்கள், வெடிமருந்து தூக்கி ஓடிய சிறுவர்கள். அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள், எதனால் செத்தார்கள், என்ன சம்பளம் வாங்கினார்கள்? அதைத்தான் இங்கே பார்க்கப் போறோம்.

முதல்ல, இந்தச் சண்டை ஏன் இங்க வந்தது?

அமெரிக்கச் சுதந்திரப் போரில் 1778-ல் பிரான்ஸ் பிரிட்டனுக்கு எதிராகக் களமிறங்கியது. 1780 கடைசியில் டச்சுக்காரர்களும் பிரிட்டனுக்கு எதிரியானார்கள். அதே 1780-ல் மைசூரின் ஹைதர் அலி பெரும் படையோடு ஆற்காடு நவாப்பின் நாட்டுக்குள், அதாவது இன்றைய வட தமிழ்நாட்டுக்குள், நுழைந்தார். எங்கேயோ பாஸ்டன்ல ஆரம்பிச்ச தகராறு சுற்றிச்சுற்றி நம்ம செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வந்து சேர்ந்த கதை இது.

தரையில் அப்போது எல்லாருக்கும் தேவைப்பட்டது நெல். மதுராந்தகத்துக்கு வடக்கே, இன்று சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் நாம் தாண்டிப் போகிற கருங்குழியில் அன்று ஒரு கோட்டை இருந்தது. ஆங்கில ஆவணங்களில் 'காரங்கூலி' என்று வரும். 1759 டிசம்பரில், வந்தவாசிப் போருக்குச் சற்று முன்பு, பிரிட்டிஷ் தளபதி அயர் கூட் அதை பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்தார். 1781 ஜனவரியில் அதே கூட்டின் படை அதே கோட்டையை இந்த முறை ஹைதர் அலியின் ஆட்களிடமிருந்து பிடித்தது. கருங்குழியைப் பிடித்தால் சுற்றியிருக்கிற ஏரிப்பாசன நிலமும் கையில் இருக்கும், தெற்கே போகிற சாலையும் கையில் இருக்கும்.

ஆனால் 1780, 81-ல் இந்த மாவட்டமே போரில் சூறையாடப்பட்டு ஊர்கள் காலியாகிவிட்டன. 1782-ல் சென்னையில் கடும் பஞ்சம். உள்ளூரில் அரிசி இல்லாததால் படைக்கும் நகரத்துக்கும் அரிசி கடல் வழியாகத்தான் வந்தாகவேண்டும். அதனால் கடலை யார் வைத்திருக்கிறார்களோ அவர்கள் கைதான் ஓங்கும். பிரெஞ்சுக் கப்பல்களும் ஹைதர் அலிக்கு உதவியாகச் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தன. இரண்டு கடற்படையும் மோதுவது நிச்சயம் என்று ஆன இடம் இதுதான்.

ஒரு கப்பல், 500 பேருக்கு மேல்

ஹியூஸின் தலைமைக் கப்பல் 'சூப்பர்ப்'. 74 பீரங்கிகள். இந்த ரகக் கப்பல் சுமார் 50 மீட்டர் நீளம். இரண்டு ரயில் பெட்டிகளை ஒட்ட வைத்தால் வருகிற நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்ளோதான். அதற்குள் 500, 600 பேர் மாதக்கணக்கில் வாழ்ந்தார்கள்.

மாலுமிகளுக்குத் தனி அறை கிடையாது. பீரங்கிகள் இருக்கிற அதே தளத்தில், இரண்டு பீரங்கிக்கு நடுவே மேசையைத் தொங்கவிட்டுச் சாப்பாடு. இரவில் அதே இடத்தில் உத்தரத்திலிருந்து கித்தான் தொட்டில் கட்டித் தூக்கம். பிரிட்டிஷ் கடற்படையில் ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட அகலம் 14 அங்குலம். ஒரு ஸ்கேலும் இரண்டு அங்குலமும். பாதிப் பேர் வேலையில் இருப்பதால் உண்மையில் அதைப்போல இரண்டு மடங்கு கிடைக்கும் என்பது கணக்கு. கூரையோ நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கிற உயரம்.

வேலை நான்கு மணி நேரம், ஓய்வு நான்கு மணி நேரம். இரவும் பகலும் இதே சுற்று. சாயங்காலம் மட்டும் இரண்டு மணி நேர ஷிப்ட் இரண்டு வரும். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை மணல் கடிகாரத்தைத் திருப்பி மணி அடிப்பார்கள். ஒரே மூச்சில் நான்கு மணி நேரத்துக்கு மேல் தூங்கிய நாள் ஒரு சாதாரண மாலுமிக்கு அபூர்வம். காற்று திடீரென்று மாறினால் அந்த நான்கு மணி நேரத்திலும் எழுப்பி மேலே விரட்டுவார்கள்.

நம்ம ஊர் வெயிலை இதோடு சேர்த்துப் பாருங்க. மழையோ பெரிய அலையோ வந்தால் பீரங்கி ஜன்னல்களை மூடிவிட வேண்டும். மூடினால் காற்று கிடையாது. கீழே கப்பலின் அடிவயிற்றில் தேங்கிய தண்ணீரின் நாற்றம், எலி, 500 பேரின் வியர்வை. குளிக்க நல்ல தண்ணீர் கிடையாது, துணி துவைப்பதும் பெரும்பாலும் உப்புத் தண்ணீரில்தான். கழிப்பறை என்பது கப்பலின் முன்முனையில், கடலுக்கு மேலே திறந்தவெளியில் இருக்கும் ஓட்டை போட்ட சில இருக்கைகள். இவ்வளவு பேருக்கு அதுதான்.

சாப்பாடு என்ன?

பிரிட்டிஷ் கடற்படையின் வார ரேஷன் கணக்கு எழுத்தில் நன்றாகவே இருக்கும். ஒரு ஆளுக்கு வாரத்துக்கு 7 பவுண்டு பிஸ்கட், 4 பவுண்டு உப்பிட்ட மாட்டிறைச்சி, 2 பவுண்டு பன்றி இறைச்சி, பட்டாணி, ஓட்ஸ், வெண்ணெய், சீஸ், 7 கேலன் பீர். எடையாகப் பார்த்தால் அன்றைக்கு ஒரு ஏழைக் கூலிக்கு வீட்டில் கிடைத்ததைவிட இது அதிகம்.

ஆனால் அந்த இறைச்சி பீப்பாயில் உப்புத் தண்ணீரில் ஆண்டுக்கணக்கில் ஊறியது. பிஸ்கட் என்றவுடன் டீக்கடை பிஸ்கட்டை நினைச்சுக்காதீங்க. மாவும் தண்ணீரும் சேர்த்துச் சுட்ட, பல்லை உடைக்கிற ரொட்டிக் கட்டி. அதில் வண்டு விழுந்துவிடும். தட்டி உதறிவிட்டுச் சாப்பிடுவார்கள். இந்தியக் கடல்களில் பிஸ்கட்டுக்குப் பதில் அரிசியும், பீருக்குப் பதில் கள்ளிலிருந்து காய்ச்சிய சாராயமும் கொடுப்பது வழக்கம்.

இதில் காய்கறியும் பழமும் எங்கே என்று கேட்டால், இல்லை. இந்த 'இல்லை'தான் பீரங்கியைவிட அதிகம் பேரைக் கொன்றது.

ஸ்கர்வி: எதிரியைவிடப் பெரிய எதிரி

வைட்டமின் சி உடம்பில் தீர்ந்துபோனால் வருகிற நோய் ஸ்கர்வி. இரண்டு மூன்று மாதம் பழமும் காய்கறியும் இல்லாமல் கடலில் இருந்தால் போதும். ஈறு வீங்கி ரத்தம் வரும், பல் ஆடும், பழைய காயம் மறுபடி திறந்துகொள்ளும், கால் வீங்கி எழுந்திருக்க முடியாது, கடைசியில் மரணம்.

கொடுமை என்னன்னா, மருந்து என்ன என்பது அப்போதே தெரியும். ஜேம்ஸ் லிண்ட் என்ற கடற்படை மருத்துவர் 1747-ல் 'சாலிஸ்பரி' என்ற கப்பலில் நோயாளிகளுக்கு விதவிதமான மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்டவர்கள் சில நாளில் தேறினார்கள். 1753-ல் அதைப் புத்தகமாகவும் போட்டார். ஆனாலும் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றைப் பொதுவான ரேஷனாகக் கொடுக்க ஆரம்பித்தது 1795-ல்தான். நடுவில் 40 வருடங்களுக்கு மேல்.

இதற்கு முந்தைய பெரிய போரில், அதாவது 1756-63 ஏழாண்டுப் போரில், பிரிட்டிஷ் கடற்படை சேர்த்த ஆட்கள் சுமார் 1,85,000 பேர் என்று அந்தக் காலத்து ஆண்டு மலர் ஒன்று கணக்குப் போட்டது. அதில் சண்டையில் செத்தவர்கள் 1,512 பேர். நோயில் செத்ததும் காணாமல் போனதும் சேர்த்து 1,33,708 பேர். தப்பி ஓடியவர்களும் இந்தக் கணக்கில் இருப்பதால் எத்தனை பேர் நோயில் மட்டும் போனார்கள் என்று பிரிக்க முடியாது. ஆனாலும் இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கிற தூரம் நிறையச் சொல்லுது.

நம் கதையிலும் அதேதான். 1782 மார்ச் கடைசியில் ஹியூஸுக்கு இங்கிலாந்திலிருந்து 'சுல்தான்', 'மேக்னனிம்' என்று இரண்டு கப்பல்கள் உதவிக்கு வந்தன. வந்தபோதே மாலுமிகளில் பலர் ஸ்கர்வியில் படுத்திருந்தார்கள்.

எதிரே கரை தெரிகிறது, பழம் வாங்கிச் சாப்பிட்டிருக்கலாமே? அதற்குப் பணமும் அனுமதியும் மட்டும் போதாது. அன்றைக்குச் சென்னையில் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே உடைகிற அலை. ஐரோப்பியப் படகு அதில் வந்தால் நொறுங்கிவிடும். ஆணி இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலா படகுகளும், நம் மீனவர்களின் கட்டுமரங்களும்தான் அலையைத் தாண்டும். குடிதண்ணீர் பீப்பாய், அரிசி மூட்டை, நோயாளி, அட்மிரலின் கடிதம் எல்லாமே அந்தப் படகோட்டிகளின் கையில்தான் இருந்தது. சாதாரண மாலுமியைக் கரைக்கு அனுப்பினால் ஓடிவிடுவான் என்ற பயம் வேறு அதிகாரிகளுக்கு. அதனால் கரையைப் பார்த்துக்கொண்டே கப்பலில் கிடப்பான்.

இவர்கள் எப்படி இந்த வேலைக்கு வந்தார்கள்?

பலர் விரும்பி வரவில்லை. பிரிட்டனில் போர்க்காலத்தில் ஆள்பிடிக்கும் குழுக்கள் துறைமுகத் தெருக்களிலும் வணிகக் கப்பல்களிலும் புகுந்து மாலுமிகளைப் பிடித்துவருவது சட்டப்படியே நடந்தது. பிரான்ஸில் கடலோர ஊர்க்காரர்களின் பெயரைப் பதிவேட்டில் வைத்து, முறைபோட்டுக் கூப்பிடுவார்கள்.

சம்பளம்? பிரிட்டிஷ் கடற்படையில் கைதேர்ந்த மாலுமிக்கு மாதம் 24 ஷில்லிங், சாதாரண மாலுமிக்கு 19 ஷில்லிங். இந்தத் தொகை நிர்ணயிக்கப்பட்டது 1653-ல். உயர்த்தியது 1797-ல், அதுவும் மாலுமிகள் ஸ்பிட்ஹெட்டில் பெரிய வேலைநிறுத்தம் செய்த பிறகு. 144 வருஷம் இன்க்ரிமென்ட் இல்லை! அந்தச் சம்பளமும் பொதுவாகக் கப்பல் ஊர் திரும்பிக் கணக்கு முடிக்கும்போதுதான் கைக்கு வரும். இந்தியாவுக்கு வந்த கப்பல் திரும்ப வருடக்கணக்கில் ஆகும்.

எதிரிக் கப்பலைப் பிடித்தால் அதன் மதிப்பில் பங்கு உண்டு. எட்டுப் பங்கு போட்டால் மூன்று பங்கு கேப்டனுக்கு, அதிலிருந்து ஒன்று அட்மிரலுக்கு. மற்ற அதிகாரிகளும் மேஸ்திரி நிலையில் இருப்பவர்களும் மூன்று பங்கை எடுத்துக்கொள்வார்கள். மிச்சம் இரண்டு பங்கை நூற்றுக்கணக்கான மாலுமிகள் பிரித்துக்கொள்ள வேண்டும். ஹியூஸ் இந்தியாவிலிருந்து பெரும் பணக்காரராக ஊர் திரும்பினார்.

பிப்ரவரி 17, சாயங்காலம் 4 மணி

ஹியூஸிடம் 9 பெரிய கப்பல்கள், சுஃப்ரனிடம் 12. காற்று லேசாக, விட்டுவிட்டு அடித்தது. சுஃப்ரன் பிரிட்டிஷ் வரிசையின் பின்பகுதியை மட்டும் குறிவைத்தார். முன்னே இருந்த நான்கு கப்பல்கள் திரும்பி வர வேண்டுமென்றால் காற்று வேண்டும். அது கிடைக்கவில்லை.

கீழ்த்தளத்தில் இருக்கிற மாலுமிக்கு இது எதுவும் தெரியாது. அவனுக்குத் தெரிவது ஒரு சதுர ஜன்னலும் அதன் வழியே வருகிற புகையும்தான். தொட்டில்களைச் சுருட்டி மேலே கொண்டுபோய்க் கட்டியாச்சு, மேசைகளை எடுத்தாச்சு. ரத்தத்தில் கால் வழுக்காமல் இருக்கத் தரையில் மணல் தூவியாச்சு. காதைச் சுற்றித் துணி கட்டியிருப்பான். இருந்தாலும் அன்றைக்குப் பிறகு பலருக்குக் காது சரியாகக் கேட்காது.

74 பீரங்கிக் கப்பலின் கீழ்த்தளத்தில் இருந்த பெரிய பீரங்கி ஒவ்வொன்றும் இரண்டரை டன்னுக்கு மேல் எடை. குண்டு ஒன்று 14.5 கிலோ. நம்ம வீட்டு சிலிண்டரில் அடைத்து வருகிற கேஸின் எடை கிட்டத்தட்ட அதுதான். ஈரத் துடைப்பானால் குழாயைத் துடை, மருந்துப் பையைத் தள்ளு, குண்டைத் தள்ளு, கயிற்றை இழுத்துப் பீரங்கியை ஜன்னலுக்கு வெளியே நகர்த்து, சுடு. சுட்டவுடன் அது பின்னால் பாயும். வழியில் கால் இருந்தால் கால் போச்சு. மறுபடி துடை. தேர்ந்த குழு இரண்டு நிமிடத்துக்குள் ஒரு சுற்றை முடிக்கும். மருந்துப் பையைக் கீழே கிடங்கிலிருந்து தூக்கி வருவது பெரும்பாலும் சிறுவர்கள் வேலை.

குண்டு நேரடியாகப் பட்டுச் செத்தவர்களைவிட மரச்சிம்பு பட்டு அடிபட்டவர்கள் அதிகம். குண்டு கப்பலின் ஓக் மரச் சுவரைத் துளைக்கும்போது உள்பக்கம் முழம் நீளச் சிம்புகள் ஈட்டி மாதிரி பறக்கும். அடிபட்டவர்களைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கிற இருட்டுத் தளத்துக்கு இறக்குவார்கள். விளக்கு வெளிச்சத்தில் கப்பல் மருத்துவர் கையையோ காலையோ அறுத்து எடுப்பார். மயக்க மருந்து என்ற ஒன்று உலகத்திலேயே இல்லாத காலம். குடிக்கச் சாராயம், கடிக்க ஒரு தோல் துண்டு.

ஒரு கப்பல் தப்பியது, ஒரு கப்பல் சிக்கியது

சத்ராஸ் போரில் பிரிட்டிஷ் தரப்பில் 32 பேர் இறந்தார்கள், 83 பேர் காயமடைந்தார்கள். கப்பல் வாரியாகப் பார்த்தால்தான் விஷயம் புரியும். 'எக்ஸிட்டர்' கப்பலை ஒன்றுக்கு மேற்பட்ட பிரெஞ்சுக் கப்பல்கள் சூழ்ந்துகொண்டன. அதில் மட்டும் 10 பேர் சாவு, 45 பேருக்குக் காயம். அதன் கேப்டன் ரெனால்ட்ஸும் செத்தார். 'சூப்பர்ப்'பில் 11 சாவு, அதன் கேப்டன் ஸ்டீவன்ஸ் படுகாயமடைந்து பின்னர் இறந்தார். 'ஹீரோ'வில் 9. ஆனால் முன்வரிசையில் இருந்த ஈகிள், மான்மத், வொர்செஸ்டர், பர்ஃபோர்ட் ஆகிய நான்கு கப்பல்களில் ஒருவருக்குக்கூடக் கீறல் இல்லை.

மாலுமி எந்தக் கப்பலில் இருக்கிறான், அந்தக் கப்பல் வரிசையில் எந்த இடம், அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம். இந்த மூன்றில் எதையும் அவன் முடிவு செய்யவில்லை.

அந்த அதிர்ஷ்டமும் ரொம்ப நாள் நிற்கவில்லை. சத்ராஸில் ஒரு கீறல்கூட இல்லாமல் தப்பிய அதே 'மான்மத்', இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் 12 அன்று இலங்கையின் கிழக்குக் கரையில் புரோவிடியன் தீவுக்கு அருகே நடந்த அடுத்த போரில் வசமாகச் சிக்கியது. பாய்மரங்கள் முறிந்து விழுந்தன. 45 பேர் சாவு, 102 பேர் காயம். சுமார் 500 பேர் இருக்கிற ரகக் கப்பல் அது. 'சூப்பர்ப்'பில் அன்று 59 சாவு, 96 காயம்.

சத்ராஸ் அன்று சுமார் இரண்டரை மணி நேரச் சண்டைக்குப் பிறகு திடீர்க் காற்றும் இருட்டும் வந்து இரண்டு பக்கத்தையும் பிரித்தன. பிரெஞ்சுத் தரப்பில் சுமார் 30 சாவு. ஓட்டை விழுந்து உள்ளே தண்ணீர் ஏறிய கப்பலில், பீரங்கியோடு மல்லுக்கட்டிய அதே ஆட்கள் உடனே பம்ப் அடிக்கவும் கயிறுகளைச் சரிசெய்யவும் போக வேண்டும். சென்னையில் துறைமுகம் இல்லாததால், பழுது பார்க்க ஹியூஸ் திருகோணமலை வரை போகவேண்டியிருந்தது. பிரெஞ்சுக்காரர்களின் நிலை இன்னும் மோசம். புதுச்சேரியை 1778-லேயே இழந்துவிட்டதால் இந்தக் கரையில் அவர்களுக்கு ஒரு தளமே கிடையாது. பாய்மரத்துக்கு மரம் வேண்டுமென்றால் பிடித்த கப்பல்களைப் பிரித்து எடுத்தார்கள்.

கைதியான ஒரு பையன்

சாதாரண மாலுமிகளில் எழுதிவைத்தவர்கள் மிகக் குறைவு. இந்தப் போரில் அப்படி ஒருவர் இருக்கிறார். பெயர் ஜேம்ஸ் ஸ்கரி. 'ஹானிபல்' என்ற 50 பீரங்கி பிரிட்டிஷ் கப்பலில் சிறுவனாக வந்தவர். 1782 ஜனவரியில் அந்தக் கப்பலை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். நான்கே வாரத்தில் அதே கப்பல், பிரெஞ்சுக் கொடியோடு, சத்ராஸில் பிரிட்டிஷாருக்கு எதிராகச் சண்டை போட்டது.

கைதிகளுக்குப் போட சுஃப்ரனிடம் சாப்பாடு இல்லை. கைதிகளை மாற்றிக்கொள்ளும் பேச்சும் முடியவில்லை. 1782-ல் அவர் நூற்றுக்கணக்கான கைதிகளை ஹைதர் அலியிடம் ஒப்படைத்துவிட்டார். அவருடைய பெயருக்கு இன்றுவரை ஒட்டியிருக்கிற கறை அது. ஸ்கரியும் மற்றவர்களும் கடலூரில் இறக்கப்பட்டு, நடந்தே உள்நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெங்களூரு, பிறகு ஸ்ரீரங்கப்பட்டணம். சிறுவர்களை மதம் மாற்றி, காதில் வளையம் போட்டு, திப்புவின் படைப்பிரிவில் சேர்த்ததாக அவர் எழுதியிருக்கிறார். அவர்களுக்கு மணம் முடித்துவைக்கப்பட்ட பெண்கள், படையெடுப்பின்போது கர்நாடகப் பகுதியிலிருந்து, அதாவது நம் பக்கத்து ஊர்களிலிருந்து, சிறு வயதில் ஓட்டிச்செல்லப்பட்டவர்கள் என்றும் எழுதுகிறார். சுமார் 10 வருடம் கழித்து ஸ்கரி தப்பித்தார். மனைவியை அங்கேயே விட்டுவிட்டு. 1822-ல் இறந்தார், புத்தகம் 1824-ல் வந்தது.

இது ஒரு கைதியின் பார்வையில் எழுதப்பட்டு, திப்புவைத் தோற்கடித்த நாட்டில் அச்சான புத்தகம் என்பதை மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும். அந்தப் பெண்கள் யாரும் எதையும் எழுதவில்லை, அவர்கள் தரப்பு நம்மிடம் இல்லை.

சமாதானம் ஆன பிறகும் நடந்த போர்

ஹியூஸும் சுஃப்ரனும் மொத்தம் ஐந்து முறை மோதினார்கள். சத்ராஸ், புரோவிடியன், 1782 ஜூலை 6 நாகப்பட்டினம், செப்டம்பர் 3 திருகோணமலை, கடைசியாக 1783 ஜூன் 20 கடலூர். ஐந்திலும் சேர்த்து இரண்டு பக்கமும் 900 பேருக்கு மேல் செத்தார்கள். ஒரு பெரிய போர்க்கப்பலைக்கூட யாரும் சண்டையில் மூழ்கடிக்கவும் இல்லை, பிடித்துக்கொண்டுபோகவும் இல்லை.

நாகப்பட்டினத்தில் 'செவேர்' என்ற பிரெஞ்சுக் கப்பலின் கேப்டன் சரணடைவதாகக் கொடியை இறக்கச் சொன்னார். அதிகாரிகள் கேட்காமல் சண்டையைத் தொடர்ந்தார்கள். அந்த ஒரு போரில் மட்டும் பிரெஞ்சுத் தரப்பில் 178 பேர் சாவு. சண்டையில் மூழ்காத கப்பல்களைக் கடல் எடுத்துக்கொண்டதும் உண்டு. 1782 செப்டம்பரில் 'ஓரியன்ட்' திருகோணமலை அருகிலும், அக்டோபரில் 'பிசார்' கடலூரிலும் தரைதட்டி உடைந்தன. அதே அக்டோபரில் வடகிழக்குப் பருவமழைப் புயல் சென்னைக் கரையில் அரிசிக் கப்பல்களை அடித்து நொறுக்க, ஹியூஸின் கடற்படை பம்பாய்க்குப் போய்ப் பழுது பார்க்கவேண்டியதாயிற்று.

கடலூர்ப் போர்தான் இதில் மனதை ரொம்பப் பிசையுது. சுஃப்ரனிடம் பீரங்கிகளுக்கு ஆள் போதவில்லை. கடலூரில் இருந்த தரைப்படையிலிருந்து 1,200 பேரைக் கப்பலில் ஏற்றினார். அதில் பாதி ஐரோப்பியர்கள், பாதி இந்தியச் சிப்பாய்கள். கப்பல் பீரங்கி அவர்களுக்குப் பழக்கமே இல்லாத வேலை. எதிரே ஹியூஸிடம் 18 கப்பல்கள். இவரிடம் 15. ஆனால் ஹியூஸின் ஆட்களில் பெருங்கூட்டம் ஸ்கர்வியில் கிடந்தது, குடிதண்ணீரும் தீர்ந்துகொண்டிருந்தது. சாயங்காலம் சுமார் மூன்று மணி நேரம் சண்டை. பிரிட்டிஷ் தரப்பில் 99 பேர், பிரெஞ்சுத் தரப்பில் 102 பேர் செத்தார்கள். தண்ணீரும் ஆளும் இல்லாமல் ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார்.

ஒன்பது நாள் கழித்து, ஜூன் 29 அன்று, சமாதானக் கொடியோடு ஒரு பிரிட்டிஷ் கப்பல் கடலூருக்கு வந்தது. பிரிட்டனும் பிரான்ஸும் சண்டையை நிறுத்துவதற்கான முதற்கட்ட ஒப்பந்தத்தில் ஜனவரி 20-ம் தேதியே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்ற செய்தி அதில் இருந்தது. அதாவது கடலூர்ப் போர் நடந்தபோது ஒப்பந்தம் கையெழுத்தாகிச் சரியாக ஐந்து மாதம் ஆகியிருந்தது. செய்தி ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கப்பலில் வரவேண்டிய காலம். அந்த 201 பேருக்கு அது வந்து சேரவில்லை.

பெயர்கள் எங்கே?

சண்டையில் இறந்தவர்களைப் பொதுவாக அன்றே கடலில் விட்டுவிடுவார்கள். சாதாரண நாளில் இறந்தால் அவனுடைய தொட்டில் துணியிலேயே சுற்றித் தைத்து, காலடியில் இரும்புக் குண்டு வைத்து இறக்குவார்கள். சண்டை நடுவில் அதற்கும் நேரம் இருக்காது. சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குள் டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் பார்க்கலாம். அழகாகச் செதுக்கிய கற்கள், பெயர், தேதியோடு. 1782 பிப்ரவரி 17-ல் எதிர்க்கடலில் செத்த மாலுமிகளுக்கு அங்கே கல் எதுவும் இல்லை.

பிரிட்டிஷ் கப்பல்கள் ஒவ்வொன்றும் ஆட்களின் வருகைப் பதிவேடு வைத்திருந்தன. சம்பளக் கணக்குக்காக எழுதியது. பெயர், வேலை, சேர்ந்த நாள். கடைசிக் கட்டத்தில் ஒரு எழுத்து. 'டி' என்றால் விடுவிக்கப்பட்டான், 'ஆர்' என்றால் ஓடிப்போனான். 'டிடி' என்றால் இறந்ததால் விடுவிக்கப்பட்டான். அந்தக் காலத்துப் பதிவேடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.